ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய சிவப்பு டார்ச்

"இத அடிச்சீங்கன்னா அஞ்சு கிலோமீட்டர் போகும்மா" என்றார் கடைக்காரர்.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற எலக்ட்ரிக்கல் கடை அது. அவர் கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச். பட்டப்பகலில் அதைச் சுவரில் அடித்துக் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த சாமிக்கே கண் கூசியிருக்கும்.

"எனக்கு அஞ்சு அடி போனா போதுங்க" என்றேன்.

விலையைக் குறைக்கத்தான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. இன்னும் பெரிதாக ஒன்றை எடுத்தார். சிவப்பு வெளிச்சம் வருகிற சின்ன டார்ச்தான் வேண்டும் என்று மறுபடி சொன்னேன். உள்ளே போய் சிவப்புப் பெயின்ட் அடித்த டார்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். தப்பு அவர் மேல் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்பிள்ளை ஒருத்தி வந்து, கொஞ்சமாக வெளிச்சம் வருகிற டார்ச் கொடு என்று கேட்டால் யாருக்குத்தான் புரியும்?

"வெளிச்சமே செவப்பா வரணும்ங்க."

"அதுல என்னாம்மா தெரியும்?"

"கொஞ்சமாத்தான் தெரியும். அதுக்குத்தான் கேக்கறேன்."

அடுத்து சைக்கிளின் பின்னால் மாட்டுகிற விளக்கு வந்தது. அது நிமிடத்துக்கு நூறு தடவை கண்ணடித்தது. அதற்கடுத்து நெற்றியில் மாட்டிக்கொள்கிற விளக்கு. அதில் சிவப்பு இருந்தது, நல்ல சிவப்புதான். ஆனால் பொத்தானை அமுக்கினால் முதலில் பளீரென்று வெள்ளை வரும், இரண்டாவது அமுக்கில் இன்னும் பெரிய வெள்ளை, அப்புறம்தான் சிவப்பு. ஊரையெல்லாம் எழுப்பிவிட்டு ரகசியம் பேசுகிற மாதிரி. வேண்டாம் என்றேன்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். விஷயம் எளிமையானதுதான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக அரைமணி நேரம் ஆகும். அப்படிப் பொறுமையாகப் பழகின கண்ணில் ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் போதும், பழகினதெல்லாம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும். மங்கலான சிவப்பு மட்டும் கண்ணின் இருட்டைக் கெடுப்பதில்லை. வழியையும் காட்டும், வானத்தையும் விட்டுவைக்கும். எனக்குத் தெரிந்த அறிவியல் இவ்வளவுதான்.

கடைக்காரர் கடைசியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். "இது ஓடவே இல்லம்மா. யாரும் சீந்தல" என்றார். கட்டைவிரல் அளவு டார்ச். ஒரே ஒரு எல்.இ.டி. தள்ளினால் சிவப்பு, இழுத்தால் இருட்டு. நடுவில் வெள்ளைக்கு வேலையே இல்லை. கடையின் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். "இன்னும் இருக்கீங்களாம்மா?" என்று அவர் இரண்டு தடவை குரல் கொடுத்தார். வெளிச்சம் அப்போதும் கொஞ்சம் அதிகம்தான். கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. மெரூன் நிறப் பொட்டு ஒன்றைப் பிரித்து டார்ச்சின் கண்ணாடியில் ஒட்டினேன். ஓரத்தில் மட்டும் மெல்லிசாகக் கசிந்தது. அச்சு அசலாக நான் தேடிய வெளிச்சம்.

"டார்ச்சுக்கே பொட்டு வச்சிட்டீங்க. இன்னும் பூ ஒண்ணுதான் பாக்கி" என்றார் அவர், காசை வாங்கிக்கொண்டு.

இவ்வளவும் எனக்காக என்றால் இத்தனை பாடு பட்டிருக்க மாட்டேன். என் கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இது ஷமீமுக்காக. ஷமீம் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. பொம்மிடி கடைவீதியில் அவள் அப்பா வளையல், ரிப்பன், சாந்து விற்கிற கடை வைத்திருந்தார். இப்போது தர்மபுரியில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்குக் கண்ணில் நீரழுத்தம், கிளாக்கோமா என்கிறார்கள். ஓரப் பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டுமருந்து விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருட்டில் அவள் கண் பழக மற்றவர்களைவிட நேரமும் அதிகம் ஆகிறது. மிச்சம் இருக்கும்போதே அவளை ராகி விளைகிற எங்கள் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரு பொருளைக் காட்டியாக வேண்டும். நடுவில் ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டாலும் அன்றைய ராத்திரி அவளுக்கு வீண். அதனால்தான் டார்ச் விஷயத்தில் நான் யாரையும் நம்பவில்லை.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அப்புறம் சொல்கிறேன். 

வீட்டுக்கு வந்து பழைய சாமான் பெட்டியைக் கிளறினேன். அப்பாவின் டார்ச் கிடைத்தது. மூடியைத் திருகினதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், உங்கள் வீட்டிலும் அந்த வாடை இருந்திருக்கும். பேட்டரி கசிந்து, துருவும் உப்புமாகக் காரமாக மூக்கில் ஏறுகிற வாடை. அந்த டார்ச்சோடுதான் நாங்கள் இரண்டு பேரும் பொம்மிடியில் ரயிலை நிறுத்தினோம்.

அது பெரிய கதை இல்லை, ஆனால் ஊர் அதைப் பெரிதாக்கிவிட்டது. நாங்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி நூலகத்துக்கு வந்த ஒரு சிறுவர் அறிவியல் மாத இதழில் வான வரைபடம் போட்டிருந்தார்கள். வெறுங்கண்ணால் பார்க்க முடிகிற மிகத் தொலைவான பொருள் ஆண்ட்ரோமீடா என்று எழுதி, வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அது நட்சத்திரம் இல்லையாம், நட்சத்திரங்களின் இன்னோர் ஊராம். நேராகப் பார்த்தால் தெரியாது, ஓரக்கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்றும் இருந்தது.

"இதத்தான எங்க அம்மா பண்ணக் கூடாதுன்னு சொல்றாங்க" என்றாள் ஷமீம். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்ற வேண்டும் என்றும் அந்த இதழ்தான் சொன்னது. ஷமீம் கடையிலிருந்து வளையல் கட்டுக்குச் சுற்றிவருகிற சிவப்புக் கண்ணாடித்தாளைக் கொண்டுவந்தாள். அப்பாவின் டார்ச் முகத்தில் நாலு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். வரைபடத்தில் முக்கியமான நட்சத்திரங்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது என்பதை இதழ் சொல்லவில்லை. இருட்டில் விரித்துப் பார்த்தால் ஒரு வட்டத்தையும் காணோம். படித்த திமிர் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

பொம்மிடியில் அப்போது இருட்டுக்குப் பஞ்சமில்லை. ரயில் நிலையத்தைத் தாண்டி, ரயில்வே கேட்டையும் தாண்டி நடந்தால் தண்டவாளமும் சோளக்காடும்தான். பொழுது மசங்கின பிறகு, ஷமீம் வீட்டுக்கு நானும் என் வீட்டுக்கு ஷமீமும் போயிருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நான் கீழே காட்டோரமாகவே நின்றேன். அவள் டார்ச்சோடு தண்டவாள மேட்டில் ஏறினாள். கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றாள். திடீரென்று, "ஏய், இங்க வாடி! இங்க வாடி!" என்று கத்திக்கொண்டு டார்ச்சைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

நான் மேலே ஏறுவதற்கு முன்னால் சேலத்துப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. எஞ்சின் விளக்கு எங்கள் முகத்தில் பகலைக் கொட்டியது. கிறீச்சென்று இரும்பு கத்துகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில், அத்தனை பெரிய வண்டி, இரண்டு சடைப் பின்னல் போட்ட பெண்களுக்கு முன்னால் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

கேட்காரர் மாதேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "யாரு புள்ளைங்களா செவப்பு காட்டுனது? ரயிலுக்குச் செவப்பு காட்டுனா என்னா ஆவும் தெரியுமா?"

"நிக்கும்" என்றாள் ஷமீம்.

அவள் கிண்டல் பண்ணவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். 

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாக்களை ரயில் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அறியாப் பிள்ளைகள் என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் என் அப்பா, "அப்படி என்னாத்தப் பாக்கப் போனீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, சாக்கடைக் கல்லில் இடித்துக்கொண்டார். அம்மா அவ்வளவு லேசாக விடவில்லை. "வெளக்கு வச்சா வூட்டுக்குள்ள கெட. பொட்டப்புள்ளைக்கு இருட்டுல என்னா வேல?" என்றாள். ஷமீம் வீட்டிலும் அதே வசனம், வேறு குரலில்.

வெறும் வாயை மெல்கிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. 'ரயில நிறுத்துன புள்ளைங்க' என்பது எங்கள் பட்டப்பெயர் ஆயிற்று. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் அதை ரகசியமாகக் கேட்டார். ஆமாம், நிறுத்தினோம் என்றேன். அப்போதெல்லாம் வெட்கத்தோடு சொல்வேன். இப்போது யாராவது கேட்காவிட்டால் நானே ஆரம்பித்துவிடுகிறேன். உங்களில் எத்தனை பேர் ரயிலை நிறுத்தியிருக்கிறீர்கள்?

கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் தர்மபுரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். இருட்டறையில் சிவப்பு பல்பு எரியும். ரசாயனத்தின் புளித்த வாடை புடவையில் ஏறி, துவைத்தாலும் போகாது. சிவப்பு வெளிச்சத்தில் நிற்பதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களே என்று முதல் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். "பொட்டப்புள்ளைக்கு இருட்டுல என்னா வேல?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இருட்டில்தான் வேலையே. கதவை யாராவது தட்டினால், "தொறக்காதீங்க!" என்று உள்ளேயிருந்து கத்துகிற உரிமை எனக்கு இருந்தது. வாழ்க்கையில் அதற்குப் பிறகு அவ்வளவு அதிகாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

கல்யாணமாகி இண்டூருக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு வந்தேன். ராகியும் அவரையும் போடுகிற மேட்டுக் கொல்லை எங்களுக்கு. அங்கே நின்று முதல் தை அமாவாசையிலேயே ஆண்ட்ரோமீடாவைப் பார்த்துவிட்டேன். அடுத்த முறை ஷமீமைப் பார்த்தபோது பெருமையாகச் சொன்னேன்.

"நான்தான் அன்னிக்கே பாத்துட்டேனே. எதுக்கு உன்னக் கூப்புட்டேன்னு நெனச்ச?" என்றாள்.

"பொய் சொல்லாத. ரயில் வெளிச்சத்துல என்னாத்தப் பாத்த?"

"ரயிலு வர்றதுக்கு முன்னாடிடி."

இந்தச் சண்டை எத்தனையோ வருடம் ஓடியது. பார்க்கும்போதெல்லாம், பிள்ளைகளின் கல்யாணப் பந்தியில்கூட, ஓடியது. நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவள் பழக்கம் அப்படி. இல்லாததை இருக்கிறது என்று சாதிக்கிறவள். போன வருடம் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு சோதனை செய்தார்கள். கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து நடுவில் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். நான் துணைக்குப் போயிருந்தேன். இவள் தந்தி அடிக்கிற மாதிரி அமுக்கித் தள்ளினாள்.

"தெரியாததுக்கெல்லாம் அமுக்கறீங்களேம்மா" என்றது சோதனை செய்கிற பெண்.

"என் கண்ணு. தெரியுதுன்னு நான் சொல்றேன். இல்லைங்கறதுக்கு நீ யாரும்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து சோதனை வைத்தது. இரண்டாவது தடவை ஷமீம் மிகக் குறைவாகத்தான் அமுக்கினாள். வெளியே வந்து பேருந்தில் ஏறும்போது, "அத இன்னொரு தடவ பாக்கணும்டி" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு காரணம் என்றேனே, அது இது. எங்கள் கொல்லையை ஒட்டிய முச்சந்தியில் உயர்கோபுர விளக்கு வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழியும் தோண்டிவிட்டார்கள். எனக்கு விளக்கு மேல் பகை இல்லை. பாம்பும் பூச்சியும் உள்ள ஊர், பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருகிற வழி. வரட்டும். ஆனால் விளக்குக்கு மேலே குல்லாய் மாதிரி ஒரு தகடு மாட்டச் சொன்னேன். வெளிச்சம் ரோட்டுக்கு வேண்டும், வானத்துக்கு எதற்கு? வார்டு மெம்பர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊரே வெளிச்சம் கேக்குது, நீங்க ஒருத்தர்தாங்க இருட்டு கேக்கறீங்க" என்றார். ஆமாம், கேட்கிறேன். இருட்டு என்ன யாராவது கடனாகக் கொடுத்ததா? அது எங்கள் கொல்லைக்கு மேலே எங்களுக்கு முன்னாலிருந்தே இருக்கிறது.

கம்பம் வருவதற்குள் தை அமாவாசை வந்தது. ஷமீம் மகனிடம் விருந்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இண்டூர் பேருந்தில் வந்து இறங்கினாள். அந்தக் காலத்துப் பொய்யேதான், இப்போது வடை பாயசத்தோடு. எங்கள் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகை பல்பைக் கழற்றிவைத்தார், எதற்கு என்று கேட்கவில்லை. அந்தக் குணத்துக்காகத்தான் இத்தனை காலம் அவரோடு குடித்தனம் பண்ணுகிறேன்.

இருட்டினதும் இரண்டு பேரும் கிளம்பினோம். ராகி அறுத்த தாள் காலில் குத்தியது. நான் சிவப்பு டார்ச்சைத் தரையோடு பிடித்துக்கொண்டேன். ஷமீம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொல்லை நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். முதலில் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்தோம். மருமகளைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி, மாதேசனின் வேட்டியைப் பற்றி. மெல்ல மெல்ல, "அதோ ஒண்ணு... அங்க ஒண்ணு" என்று பெரிய நட்சத்திரங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போதும்.

அப்போதுதான் ரோட்டில் பைக் சத்தம் கேட்டது. "கண்ண மூடு!" என்றேன். ஷமீம் புர்காவின் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பதற்றத்தில் என் கையிலிருந்த டார்ச் ஆடியிருக்கும். பைக் சட்டென்று நின்றது.

"யாரது கொல்லைல?"

பக்கத்துக் கொல்லைக்காரன் கோவிந்தன். அவனிடம் அந்த ஐந்து கிலோமீட்டர் டார்ச் உண்டு என்பது ஊருக்கே தெரியும். பையிலிருந்து அதை அவன் எடுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் துணிக்குள்ளேயிருந்து ஷமீம் ஒரு சத்தம் போட்டாள்:

"லைட்டு போட்ட, கைய ஒடச்சிருவேன்! வண்டி லைட்டயும் அண!"

அணைத்துவிட்டான். "பெரீம்மா, நீங்களா? செவப்பா என்னமோ ஆடுச்சுங்க, பயந்துபோயி நின்னுட்டேன்" என்றான் இருட்டுக்குள்ளிருந்து.

ஷமீம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பாத்தியாடி, இன்னும் நிக்கறாங்க!"

கோவிந்தன் விளக்கு போடாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டே போனான், பாவம். அவன் போன பிறகு அவள் துணியை விலக்கினாள். கண் கெடவில்லை. வடமேற்கில் டபிள்யூ எழுத்து மாதிரி நிற்கிற ஐந்து நட்சத்திரத்தைக் காட்டி, அங்கிருந்து எப்படி வர வேண்டும் என்று சொன்னேன். நேராகப் பார்க்காதே, ஓரக்கண்ணால் பார் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

"ஓரந்தான் இல்லியேடி எனக்கு" என்றாள். அப்புறம் அவளே, "இரு. எடது கண்ணுல கீழ கொஞ்சம் வச்சிருக்கேன்" என்றாள்.

தானியத்தைப் பார்க்கிற கோழி மாதிரித் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். நாய் ஒன்று எங்கோ குரைத்து ஓய்ந்தது.

"இருக்குதுடி."

ஆஸ்பத்திரிப் பொத்தான் என் நினைவுக்கு வந்துவிட்டது. என்னைச் சந்தோஷப்படுத்த அமுக்குகிறாளோ என்று பட்டது. "எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"ஊதி வுட்ட மாவு மாதிரி. சாஞ்சு கெடக்குது. அன்னிக்கும் இப்படித்தான் சாஞ்சு கெடந்துச்சு."

அந்த இதழில் வெறும் புள்ளிதான் போட்டிருந்தார்கள். அது நீளமாகச் சாய்ந்திருக்கும் என்று அவளுக்கு நானும் சொன்னதில்லை, யாரும் சொன்னதில்லை. பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்குத் தண்டவாள மேட்டில் நின்று, ஒன்பதாம் வகுப்பு ஷமீம் நிஜமாகவே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, தனியாகப் பார்க்க மனமில்லாமல், என்னைக் கூப்பிடத்தான் கையை ஆட்டியிருக்கிறாள். அதற்கு ஒரு ரயிலே நின்றது. நான் அழுதேன். அவளுக்கு அது தெரிந்திருக்காது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா?

மாசி பிறந்ததும் விளக்கு வந்துவிட்டது. திறப்பு விழாவன்று இனிப்பு கொடுத்தார்கள், கைதட்டினார்கள். குல்லாய் மாட்டவில்லை. இப்போது எங்கள் கொல்லையில் ராத்திரி உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். மேலே பார்த்தால் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது, நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணலாம். பொம்மிடியில் நாங்கள் ரயிலை நிறுத்திய இடத்தில் கேட்டும் இல்லை, சோளக்காடும் இல்லை. வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு வெள்ளை பல்பு. ஷமீமின் இடது கண்ணில் கீழே வைத்திருந்த அந்தக் கொஞ்சமும் அடுத்த சோதனையில் சுருங்கிவிட்டது.

அதனால் என்ன? திறப்பு விழாவன்றே அவளைக் கூட்டிக்கொண்டு முச்சந்தி வழியாக, அத்தனை பேர் முன்னால், சிவப்பு டார்ச்சோடு மலையடிவாரத்துக்குக் கிளம்பினேன். கையில் லட்டோடு நின்ற வார்டு மெம்பர், "இப்பத்தான் வெளிச்சம் வந்துருக்குது, எங்கீங்க போறீங்க?" என்றார்.

"அதனாலதாங்க போறோம்" என்றாள் ஷமீம்.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கோ. இப்போதெல்லாம் தெரிகிறதா என்று நான் அவளைக் கேட்பதில்லை. அவள்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

"இருக்குதாடி?"

"இருக்குது. சாஞ்சு கெடக்குது."

"அப்படின்னா எனக்கும் தெரியுது" என்கிறாள். தெரியவில்லை என்று சொல்ல நான் யார்?